ஸ்கூட்டர் நிறுத்த வேண்டிய இடத்தில் மனோரஞ்சிதம்

மே 4

குளியலறைக்குப் பின்னால் இருக்கிற நாலடி மண்ணுக்கு இன்று ஒரு முடிவு வந்தது. இவருக்கு அங்கே சிமென்ட் பூசி ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும். எனக்கு அங்கே நிற்கிற மனோரஞ்சிதம் வேண்டும். வைத்து நான்கு வருடம். இலைதான், ஒரு பூவைக் காணோம். "பூக்கும் பூக்கும்னு நீ சொல்லியே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு" என்கிறார். கடைசியில் பேச்சு இதுதான்: ஜூன் முப்பதுக்குள் மஞ்சளாய்ப் பழுத்த பூ ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரி வருவார்.

சரி என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன்.

மே 5

எதற்குச் சொன்னேன்?

மே 11

நர்சரிக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "நிழல் ஒண்ணும் பண்ணாதும்மா. வேர்ல ஈரம் இருக்கணும், தண்ணி தேங்கக் கூடாது. சோப்புத் தண்ணி போகுதா?" போகிறது. துவைக்கிற தண்ணீர் முழுக்க அங்கேதான். நாலு வருடமாய் சோப்பைக் குடித்திருக்கிறது, பாவம்.

குழாயை வேறு பக்கம் திருப்பினேன். சருகை வாரி வேரைச் சுற்றிப் போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 3

பூ! இலைக்கடியில், இலையின் பச்சையிலேயே, வளைந்த காம்பில். இவரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "பச்சையாத்தானே இருக்கு? மஞ்சள்னுதான் பேச்சு." வக்கீலே தோற்றுப்போவார் இவரிடம். பழுத்தால்தான் மஞ்சள், அப்போதுதான் மணம். காத்திருக்கிறேன்.

ஜூன் 14

நேற்று சாயங்காலம் ஒரு பூ வெளுக்க ஆரம்பித்திருந்தது. காலையில் காம்புதான் இருக்கிறது. அணில்.

ஜூன் 16

அணில் இல்லை. அணிலாக இருந்தால் கடித்துக் கீழே இறைத்திருக்கும். பழைய கொசுவலையைச் செடிக்குப் போர்த்திக் கட்டிவிட்டேன். இவர்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

ஜூன் 19

வலைக்குள்ளிருந்தே போகிறது! முடிச்சு போட்டது போட்டபடி. எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கப்போகிறது.

ஜூன் 23

மார்க்கெட்டில் இவர் ஆபீஸ் பெண்ணைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பத்து நாளா எங்க செக்‌ஷனே மணக்குது! சார் தினம் ஒரு பூ கொண்டுவந்து டம்ளர்ல தண்ணி ஊத்தி வெச்சுடறார். வெயிலே படாத இடத்துல வளர்த்தீங்களாமே? உங்க கைராசியப் பத்திப் பேசாத நாளே இல்ல."

சிரித்து வைத்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது — ஆத்திரம். முப்பது வருஷம் கூட இருந்த மனுஷன்! ஒரு ஸ்கூட்டருக்காகவா? திருடினதும் இல்லாம அங்க போய்ப் பெருமை வேற!

ஜூன் 24

நாளைக்கே விடியலில் எழுந்து ஒன்றைப் பறித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டலாம். மாட்டேன். அவர் வாயால் வரட்டும். வராவிட்டால் சிமென்ட் பூசிக்கொள்ளட்டும், அந்த ஸ்கூட்டரோடேயே குடும்பம் நடத்தட்டும்.

ஜூன் 27

"என்ன, பூ ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார். என்ன நெஞ்சழுத்தம்!

ஜூன் 30

மேஸ்திரி காலையிலேயே சிமென்ட் மூட்டையோடு வந்துவிட்டார். இவர் பின்பக்கம் கூட்டிப் போனார். நான் குளியலறைக்குள் ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

"வேரோட எடுத்துடவா சார்?"

இவர் சருகைக் காலால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"சார்?"

"வேணாம் மேஸ்திரி. அது நல்லாத்தான் பூக்குது. நான்தான் தினம் பறிச்சு மறைச்சுட்டேன். தூக்கிப் போடவும் மனசு வரல. அவளுக்குத் தெரிஞ்சா தொலைச்சுடுவா."

"வீட்ல சொல்லிட வேண்டியதுதானே சார்?"

"அதான், உங்ககிட்ட சொல்லிப் பழகிக்கறேன்."

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மேஸ்திரிக்கு மட்டும் காபி போட்டேன். இவர் சமையலறை வாசலில் நின்று இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தார். நான் திரும்பவில்லை. அவர் முழுதும் சொல்லி முடித்த பிறகுதான் அவர் காபிக்கும் பால் வைத்தேன்.