புதுக் கார்டு வரும் வரைக்கும்

காயல்பட்டினம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் நௌஃபலுக்கு உம்மா ருகையா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவல் உன் மேலும் உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகள் மேலும் எப்போதும் இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், உடம்புக்குச் சுகம்தான், மனசு மட்டும் ஒரு நிலையில் இல்லை. கையில் ஃபோனை வைத்துக்கொண்டு உம்மாவுக்கு இப்போது என்ன கடிதம் எழுதும் கிறுக்கு என்று நீ நினைப்பாய். என் ஃபோனில் உன் முகம் வந்ததும் அதைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்து வீடே சுற்றி உட்கார்ந்துவிடுகிறது, உன் தங்கை மாப்பிள்ளையும் அங்கேதான் இருப்பார், அந்த ஃபோனைச் சரிபார்த்துத் தருவதும் அவர்தான், வாய்ஸ் மெசேஜ் போட்டால் அது எங்கெங்கே போய்க் கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டு ஃபோனை வாங்கிப் பேசினால் சாயங்காலம் அஸர் பாங்குக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் நாளை துபாய்க்கு விமானம் ஏறும் உன் பெரியம்மா மகன் காஜா முஹ்யித்தீன் கையில் தம்மடைப் பலகாரத்தோடும் மாசிக் கருவாட்டோடும் சேர்த்து இதைக் கொடுத்தனுப்புகிறேன். தம்மடையை அறைப் பிள்ளைகளுக்கும் பங்கு வை, இதை மட்டும் தனியாக உட்கார்ந்து படி.

உன் தங்கை அஃபீஃபாவுக்கு இது ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள், காற்றிலேயே உப்பு வீசுகிற ஊரில் இருந்துகொண்டு எங்கே போய்க் குறைப்பது. உன் வாப்பாவுக்கு முழங்கால் வலி, அதோடு விடாத மூக்கடைப்பு, தைலத்தைப் பூசிக்கொண்டு எந்த வாசனையும் தெரியாமல் நிம்மதியாக இருக்கிறார், அந்த நிம்மதி எனக்கு வாய்க்கவில்லை. நான் எழுத வந்தது மாடி அறையில் ஓடுகிற மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரைப் பற்றி. அவரைக் குறை சொல்ல வரவில்லை நௌஃபல், ஃபைசல் தங்கமான பிள்ளை, அஃபீஃபாவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. கத்தாரிலும் மஸ்கட்டிலும் வீடு கட்டப் போகிறவர்களுக்கு, கட்டும் முன்பே அந்த வீட்டைக் கட்டியது போல் படமாக்கிக் காட்டுகிற வேலை அவருக்கு. சுவரில் வெயில் விழுவதையும் நீச்சல் குளத்தில் தண்ணீர் ஆடுவதையும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுதான் வரைகிறதாம். இப்போது இருப்பது பழைய கார்டு, யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டு விற்றது. நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே அவர் தயாராகத்தான் இருந்தார். பொறுக்கச் சொன்னது நீ.

நீ எழுதுவதையெல்லாம் சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். மச்சான் துபாய்ல கம்ப்யூட்டர் கடையிலயே இருக்காவ, அவங்களுக்குத் தெரியாததா என்பார். இப்போது வாங்குகிறவன் ஏமாளி, இதைவிட இரண்டு பங்கு வேகத்தில் ஒன்று வருகிறது, மெமரியும் கூட என்று முதலில் எழுதினாய். பிறகு அது தள்ளிப் போகிறது என்றாய். பிறகு பெரிய கம்பெனிகள் ஏஐ வேலைக்கென்று மெமரியையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறார்கள், விலை ஏறும், வாங்கிவிடுங்கள் என்றாய், அவர் கிளம்பித் தூத்துக்குடிக் கடைக்குப் போவதற்குள் இன்னொரு செய்தி வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றாய். யூடியூபில் யாரோ ஒரு பையன் வாயைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது வந்துவிட்டது என்கிறான், அடுத்த வாரம் அவனே வரவில்லை என்கிறான். பிறை பார்த்தாயிற்றா இல்லையா என்று மொட்டை மாடியில் நின்று ஊர் ஊருக்கு ஃபோன் போடுகிற கதைதான், ஆனால் பிறை எப்படியும் மறுநாள் வந்துவிடும். உனக்கு இதெல்லாம் கடையில் நின்று பேசுகிற பேச்சு. இங்கே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு வீடு உட்கார்ந்திருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

வேலை பொறுக்கவில்லை, கார்டு வரவில்லை, அதனால் இன்னொரு பழைய கார்டை வாங்கி அதே பெட்டிக்குள் சொருகிவிட்டார். இரண்டுக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் பெட்டி ஒரு கார்டுக்கென்று வாங்கியது. பெரிய பவர் பெட்டி வாங்குங்களேன் என்று அஃபீஃபா கேட்டிருக்கிறாள். புதுக் கார்டுக்கு வேற மாதிரி பிளக்கு வருமாம், இப்ப வாங்குனா வீணாப் போவும், மச்சானே சொல்லிருக்காவ, அதுவரைக்கும் இதை வச்சு ஓட்டிருவோம் என்று சொல்லிவிட்டாராம். உள்ளே சூடு தாங்காமல் பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு எதிரே டேபிள் ஃபேன் வைத்திருக்கிறார். ஜன்னல் வழியாக வருகிற கடல் காற்றையும் சேர்த்து அந்த ஃபேன் உள்ளே தள்ளுகிறது. பிளக்கின் பித்தளையெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கிறது என்றாள் அஃபீஃபா. ஒரு நாள் அதைக் கழற்றியபோது ஓரம் பழுப்பாகி, பிளாஸ்டிக் இளகித் தொங்கியதாம், பிளேடால் சீவிவிட்டு மறுபடி மாட்டியிருக்கிறார். அவள் அழுததற்கு, உப்புக் காத்துக்கு இதெல்லாம் சகஜம் என்று தலையைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார்.

வாசனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு வீடு அடங்குகிற நேரத்தில் மாடிப்படி வழியாக இறங்கும், ரப்பர் செருப்பை அடுப்பில் போட்டது போல. அந்தக் கம்ப்யூட்டர் வேகம் எடுக்கும்போது கூடத்து விளக்கு ஒரு கணம் கண்ணைச் சுருக்குகிறது. மாடி ஏறும் இடத்துச் சுவர் சுவிட்ச் மஞ்சளாகிவிட்டது, தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி போல இருக்கிறது. இது நம் பழைய வீடு, மேல்தளம் முழுக்கப் பனங்கைச் சட்டமும் பலகையும், படியும் மரப்படி, இறங்க வேறு வழி கிடையாது, உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். பெண்கள் போகிற முடுக்குச் சந்தில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டு ஸாலிஹா, என்ன ருகையா லாத்தா, உங்க வீட்டுல தெனமும் என்னமோ கருவுதே என்று கேட்டாள். பால் தீய்ந்துவிட்டது என்றேன். அடுத்த முறை கேட்டபோது மீன் தீய்ந்துவிட்டது என்றேன். முப்பது பேருக்கு ஒற்றை ஆளாக ஆக்கிப் போட்டவள் நான், இப்போது முடுக்கு முழுக்க ருகையாவுக்கு அடுப்பங்கரையில் கவனமில்லை என்று பேச்சு. மாப்பிள்ளை பெயர் அடிபடுவதற்கு என் பெயர் அடிபடட்டும் என்று இருந்துவிட்டேன்.

உன் வாப்பாவிடம், நீங்கள் ஆண்பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு, ஏளா, நானும் இந்த வீட்டு மாப்பிள்ளைதானே, ஒரு மாப்பிள்ளை இன்னொரு மாப்பிள்ளைட்ட போயி வீட்டு அதிகாரம் பண்ண முடியுமா என்கிறார். தலை நரைத்த பிறகும் அவருக்கு இது என் உம்மா வீடுதான். சரி என்று நானே ஒரு நாள் தேநீரும் எடுத்துக்கொண்டு, வலிக்கிற இடுப்போடு படியேறினேன். மாப்பிள்ளை அறைக்கு மாமி போகிற வழக்கம் நம்மிடம் இல்லை என்பது தெரிந்துதான் போனேன். அவர் பதறி எழுந்து, ஏன் மாமி சிரமப்படுதீங்க, ஒரு குரல் கொடுத்தா நானே வந்திருப்பேனே என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் பின்னால் பார்த்தேன், அந்த வயர் மர மேசையில் படாமல் இருக்க அடியில் ஒரு தரை ஓட்டுத் துண்டை வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் பயம் இருக்கிறது நௌஃபல், இருந்தும் பொறுத்திருக்கிறார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மதியம் மீன் ஆணத்தில் புளி சரியாக இருந்ததா மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு பெரிய வேலையை ஓடவிட்டு, பூனை போகிறது என்று அறையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அஃபீஃபா மாடியில் அடுத்த அறையில் அசந்து தூங்குகிறாள். வாசனை வந்தது, ஏறிப் போய்ப் பார்த்தால் அன்றைக்கு வாசனையோடு கதவடியில் இழை போலப் புகையும் வந்தது. நான் கத்தவில்லை, கீழே ஓடிப்போய் வீட்டு மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தேன், அப்புறம்தான் அஃபீஃபாவை எழுப்பிக் கீழே கூட்டி வந்தேன். புகை தானாக நின்றது. அவர் வந்து பார்த்தபோது இரண்டு நாளாக ஓடிய வேலை பாதியில் அறுந்து போயிருந்தது. முகம் வாடிப் போய், கரண்டு போயிட்டா மாமி என்று கேட்டார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆமா மாப்பிள்ளை, இப்பந்தான் போச்சு என்று சொல்லிவிட்டு, அவர் பார்க்காத நேரம் மெயினைத் திரும்பப் போட்டேன். அவர் வேலையைக் கெடுத்தது மாமி என்று எப்படிச் சொல்வேன்?

அந்தப் பொய் இப்போது எங்கே வந்து நிற்கிறது பார். இனிமேல் கரண்ட் போனாலும் மிஷின் நிற்கக் கூடாது என்று பெரிய பேட்டரி யூபிஎஸ் ஒன்றுக்குச் சொல்லிவிட்டார், தூத்துக்குடியிலிருந்து பேச்சிராஜா என்கிற ஆள் அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டுகிறாராம். அது வந்துவிட்டால் நான் கீழே மெயினை அணைத்தாலும் மேலே அது பாட்டுக்கு ஓடும். இந்த வீட்டில் தீயை நிறுத்த என் கையில் இருந்தது அந்த ஒரு சுவிட்ச்தான். அஃபீஃபாவை, கால் வீக்கத்தோடு படியேறக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொல்லி என்னோடு கீழே படுக்க வைத்துவிட்டேன். அவரை நான் எங்கே படுக்க வைப்பேன்?

அதனால் இதைப் படித்த உடனே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு நீயே ஃபோன் போடு. புதுக் கார்டு இந்த வருஷமும் இல்லை அடுத்த வருஷமும் இல்லை என்று சொல், தெரியாது என்று மட்டும் சொல்லாதே, தெரியாது என்றால் மறுபடி பொறுப்பார். இப்போது கடையில் கிடைப்பதில் நல்லதாக ஒன்றை வாங்கச் சொல், அதற்கும் முன்னால் இந்தப் பழைய இரண்டையும் கழற்றி வைக்கச் சொல், பவர் பெட்டியும் வயரும் புதிது மாட்டாமல் ஒரு நிமிஷமும் ஓட்டக் கூடாது என்று சொல். உன் கடையில் ஒருத்தருக்கு இப்படித்தான் பற்றிக்கொண்டது என்று வேண்டுமானால் சொல், அந்தப் பொய் என் கணக்கில் இருக்கட்டும். உம்மா சொன்னாள் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே. மாமி குறை சொல்லுகிறாள் என்று அவர் மனசு சுருங்கி, துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டால் வயிற்றுப் பிள்ளையோடு அஃபீஃபா என்ன செய்வாள்.

அவருடைய உம்மா நேற்று அஃபீஃபாவைப் பார்க்க வந்திருந்தாள். எல்லாம் பேசிவிட்டு எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, எம்புள்ள நல்லா இருக்கானா என்று கேட்டாள். பெற்றவள் வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது, அதுதானே நம் ஊர் வழக்கம், பிள்ளையை வளர்த்து இன்னொரு வீட்டு மாடியில் படுக்க விடுகிறோம். நீயும் லீவில் வந்தால் உன் மாமியார் வீட்டு மாடியில்தான் படுக்கிறாய். அந்த அம்மாவும் என்னைப் போல மரியாதைப்பட்டவள், மனசில் என்ன பயம் இருந்தாலும் தட்டில் மீனை வைத்துவிட்டு உன்னிடம் எதுவும் சொல்லமாட்டாள். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும், உன் வேலையில் பரக்கத் செய்யட்டும். வேளைக்குத் தொழு, வயிற்றைக் காயப்போடாதே, இருக்கும் இடத்தில் சார்ஜரைச் சொருகியபடி தூங்காதே. தம்மடை பிறகு தின்னலாம், ஃபோன் முதலில்.

உன் நலத்தையே கேட்டுக்கொண்டிருக்கும்
உம்மா ருகையா

உறையை ஒட்டப் போகும்போது வாசலில் வண்டிச் சத்தம். பேச்சிராஜாவுக்கு இந்தப் பக்கம் வேறு வேலை இருந்ததாம், அடுத்த வாரம் என்றதை இன்றைக்கே கொண்டுவந்துவிட்டார். பேட்டரியை ஆள் வைத்து மரப்படியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை சந்தோஷமாகக் கீழே இறங்கி வந்து, இனிமே கரண்டு போவுமேங்குற கவலையே உங்களுக்கு வேண்டாம் மாமி என்று சொன்னார். நல்லது மாப்பிள்ளை என்றுதான் என் வாயில் வந்தது.