வலது கண்ணின் வானம்

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இல்லையென்றால் உன் அம்மாவுக்கு முதலில் தெரிந்திருக்கும், எனக்குக் கடைசியில் தெரிந்திருக்கும். இங்கே எல்லாரும் சுகம். போன வாரம் போனில், புது மானிட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பக்கத்தில் நின்று என் வாக்கியத்தை முடித்து வைத்துவிட்டாள். அதனால்தான் கடிதம். இதில் ஒரு கண் சமாச்சாரமும் வரும். பயப்படாதே, நல்லபடியாக முடிந்தது.

ஏன் வாங்கினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வானியல் மன்றத்தின் கண்காட்சிக்கு என் ஓரியன் நெபுலா படத்தை அனுப்பியிருந்தேன். குளிர்காலம் முழுக்க மொட்டைமாடியில் விறைத்துப்போய் உட்கார்ந்து அந்த விண்மேகத்தை எடுத்த படம். செயலாளர் அதைத் திருப்பிக் கொடுத்தார். மை பாட்டில் கவிழ்ந்த மாதிரி இருக்கிறது, நீலத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று நாலு பேர் நடுவில் சொன்னார். கிரகணத்தன்று என் டெலஸ்கோப்புக்கு நேர் முன்னால் குடையை விரித்துக்கொண்டு நின்றாரே, அதே ஆள்தான். கல்லூரியில் எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போனதைக்கூட ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன். அந்தக் குடையை மறக்க மாட்டேன்.

குற்றம் என்னுடையதாக இருக்க முடியாது என்பதால் அது மானிட்டருடையது என்று தீர்மானித்தேன். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது அது. அதன் ஓரத்தில் நீ ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் இருக்கிறது.

கடையில் சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் கிளிகள் பறந்தன, அருவி கொட்டியது. எந்தக் கிளியும் அவ்வளவு பச்சையாகப் பிறப்பதில்லை. விற்பனையாளரிடம் எனக்குக் கறுப்பைக் காட்டுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் கலரைக் காட்டச் சொல்வாங்க சார். நீங்க ஒருத்தர்தான் ஒண்ணுமில்லாததைக் காட்டச் சொல்றீங்க."

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் படங்களில் முக்கால்வாசி கறுப்புதான். அந்தக் கறுப்புக்குள் எத்தனை கறுப்பு இருக்கிறது என்பதுதான் வேலையே. பென் டிரைவில் கொண்டுபோயிருந்த என் படத்தை ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தேன். பளபளப்பான திரையில் நெபுலாவின் நடுவே என் மூஞ்சிதான் தெரிந்தது. இன்னொன்றில் நாலு மூலையிலும் வெளிச்சம் கசிந்து, நள்ளிரவு வானத்தில் விடியத் தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் வளைந்த திரையை அவரே வேண்டாம் என்றார், நான் கேட்ட கேள்விகளுக்குப் பயந்து.

கடைசியில் ஒரு மூலையிலிருந்து, யாரும் திரும்பிப் பார்க்காத, மினுமினுப்பே இல்லாத ஒன்றை எடுத்துவந்தார். படத்தைப் போட்டேன். வலது பக்கக் கீழ் மூலையில் கறை மாதிரி ஏதோ இருந்தது. முன்னால் நின்றவன் தொட்டிருப்பான் என்று கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. வாயால் ஊதி மறுபடியும் துடைத்தேன். அப்போதும் போகவில்லை.

குட்டி, அது கறை இல்லை. தூசி. நட்சத்திரங்களுக்கு இடையே மிதக்கிற தூசி, புகை மாதிரி, இறகு மாதிரி, அந்த மூலையிலிருந்து நெபுலா வரைக்கும் படர்ந்து கிடந்தது. அந்த வெளிச்சம் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகப் பயணம் செய்து என் மொட்டைமாடிக்கு வந்து, என் கேமராவுக்குள் விழுந்து, என் மேசையிலேயே இருந்திருக்கிறது. என் பழைய திரை அதை மொத்தமாக விழுங்கிவிட்டு எனக்கு வெறும் கறுப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. விற்பனையாளர் எனக்கு நாற்காலி போட்டார். என்னை நோயாளி என்று நினைத்திருக்க வேண்டும்.

அது ஒருவிதத்தில் சரியாகத்தான் போயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து, நிறம் அளக்கும் கருவியைத் திரையின் முகத்தில் சிலந்தி மாதிரி தொங்கவிட்டு அளந்தேன். வெள்ளை சுத்த வெள்ளை என்று கருவி சொன்னது. எனக்கோ பழைய புத்தகத்தின் தாள் மாதிரி தெரிந்தது. திரும்பத் திரும்ப அளந்தேன். கருவி தன் பேச்சை மாற்றவில்லை. மனிதர்களோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுவேன், உனக்குத் தெரியும். ஆனால் அளவீட்டோடு சண்டை போடாதே என்று ஆயுள் முழுக்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். திரை சரி, கருவியும் சரி என்றால் மிச்சம் இருப்பது என்ன?

கண் மருத்துவர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை, இந்த வயதுக்குச் சீக்கிரம்தான் என்றாள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டதாம். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவனுக்கு நீலம் குறைவாகத்தானே தெரியும். குறைந்த நீலத்தை நான் வருஷக்கணக்காகப் படத்தில் அள்ளிக் கொட்டியிருக்கிறேன். போன மாதம் வலது கண்ணில் அறுவை முடிந்தது. உனக்குச் சொல்லவேண்டாம் என்று அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவள்மேல் கோபப்படாதே.

கட்டைப் பிரித்த அன்று சுவர் வெள்ளையாக இருந்தது. அம்மாவின் சேலை சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தேன், அது ஊதா. வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான் என்றாள். பிறகு திரையின் முன்னால் உட்கார்ந்து இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். என் படங்கள் எல்லாமே மை பாட்டில் கவிழ்ந்தவைதான். செயலாளர் நிறத்தைப் பற்றிச் சொன்னது சரி. குடை விஷயத்தில் மன்னிப்பு கிடையாது.

ஓரியனை முதலிலிருந்து செய்தேன், ஒற்றைக் கண்ணால். அதன் நிறம் உனக்குத் தெரியுமா? பிறந்த குழந்தையின் உள்ளங்கை நிறம். சுற்றிலும் அந்தத் தூசி இளம்பழுப்பில். வலது கண்ணை மூடினால் பழைய வானம், இடது கண்ணை மூடினால் இதுவரை நான் பார்த்தே இராத வானம். இத்தனை காலம் அண்ணாந்து பார்த்தவனுக்கு இப்போதுதான் வானத்தைக் காட்டியிருக்கிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

நீ வேலைக்குக் கிளம்பின அன்று, பெட்டியைப் பூட்டிவிட்டு என் படத்தைப் பார்த்து, "அப்பா, நீலம் ஜாஸ்தியா இருக்கே" என்றாய். உனக்கு என்ன தெரியும் என்றேன். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எந்தப் படத்தைப் பற்றியும் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அதையும் நான் மனசில் வைத்துக்கொண்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்.

புதுப் படத்தை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. உனக்கும் அனுப்பப்போவதில்லை. போனில் பார்த்தால் அந்தத் தூசி தெரியாது. அடுத்த மாதம் இடது கண்ணுக்கும் அறுவை. அதற்குள் லீவு கிடைக்குமா பார். மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறேன். உன் முகத்தையும் நான் அந்த மஞ்சளில்தான் கடைசியாகப் பார்த்தேன். இந்தக் கண் உன்னை இன்னும் பார்க்கவில்லை.

வந்து உட்கார்ந்து படத்தைப் பார். நீலம் கூடுதலாக இருந்தால் சொல். குறைத்துவிடுகிறேன்.

நீ எங்கே இருந்தாலும் உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் வருகையை எதிர்பார்க்கும்
அப்பா