புல்லு வெட்டுகிற மெசினுக்குக் காட்டிய கரிசனை

கையில் பெற்றோல் மணக்கிறது. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. புல்லு வெட்டுகிற மெசினில் மிச்சமிருந்ததைப் பிளாஸ்டிக் கானுக்குள் வடித்த கை. அந்த மணம் வரும்போதெல்லாம் என்னைக் கட்டிய உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

சுவிஸுக்கு வந்து, ஷாஃப்ஹவுசனில் இந்த வீட்டை வாடகைக்குத் தரும்போது வீட்டுக்காரி ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொன்னார்: குளிருக்கு முதல் முற்றம் ஒழுங்காக இருக்கவேண்டும். உங்களுக்கு அது வேதவாக்கு. வீட்டுக்கு அடியிலுள்ள கெலருக்குள் இறங்கி வெளிப்பைப்பைப் பூட்டி, நின்ற தண்ணீரை வடியவிட்டு, ரோசாச் செடிகளின் அடியில் பைன் கொப்புகளைப் போர்த்துவீர்கள். "தமிழாக்களுக்கு முத்தத்தோட வீடு ஆர் தருவினம்?" என்று எனக்கு வகுப்பு வேறு.

தொண்ணூற்றைந்து ஒக்டோபரில், அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வேர்க்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தீர்கள்.

"டொக்டருக்கு ரெலிபோன் அடிக்கட்டோ?"

"விசரோ உனக்கு? வாயு. இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ தா. நாளைக்கு வீட்டுக்காரி வாறா, மெசின் இன்னும் துடைக்கேல்லை."

எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் வாயுதான்! தேத்தண்ணியோடு நான் வந்தபோது மெசினுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தீர்கள். துணி கையில் இருந்தது. அம்புலன்ஸ் வந்தது, பலனில்லை.

அடுத்தநாள் வீட்டுக்காரி ஒன்றும் தெரியாமல் வந்தார். முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, எல்லாம் திறம் என்று சொன்ன பிறகுதான் என் முகத்தைக் கண்டார். யாருக்குத் திறம்? வீடு போய்விடும் என்று பயந்தீர்களே, வீடு போகவில்லை. அந்த மெசின் இப்போதும் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகிறது. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த இரும்புக்குக் காட்டிய கரிசனையில் கால்வாசி உங்கள் நெஞ்சுக்குக் காட்டியிருக்கக் கூடாதா?

இன்று காலை பெற்றோல் வடிக்கும்போது எனக்கு இடது கை உளைந்தது. எல்லாவற்றையும் போட்டபடி போட்டுவிட்டு வெளிக்கிட்டேன். வாசலில் வீட்டுக்காரி, முற்றம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, டொக்டரிடம் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் முகம் மாறியது. மாறட்டும். உங்கள் மேலுள்ள கோபம்தான் என்னைப் பஸ்ஸில் ஏற்றியது. இனியும் அது என்னோடுதான் இருக்கும்.

தசைப்பிடிப்பாம். பூசுவதற்கு மருந்து தந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, கோட்டும் கழற்றாமல் இருந்து அழுதேன்.

பஸ்ஸில் ஏறி, ஒரு கதிரையில் காத்திருந்து, நோகிற இடத்தைக் காட்டுகிற வேலை. அவ்வளவுதானப்பா. அதைத்தான் நீங்கள் செய்யவில்லை.