வண்டியை ஓட்டியது யார்

மே 6, செவ்வாய்
சொல்வது நான், எழுதிக்கொள்வது போன். மகள் ட்வைலா பழக்கிவிட்டாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பகலில் வேலை, மாலையில் சட்டப் படிப்பு என்று நான்கு வருடம் ஓட்டி முடித்துவிட்டாள். இனி மிசூரி மாநிலத்தில் வக்கீலாக ஜூலையில் தேர்வு. முதல் நாள் ஆறு கட்டுரைகள். அதோடு ஒரு வழக்குக் கட்டைக் கையில் கொடுத்து, வக்கீல் செய்கிற வேலையையே செய்யச் சொல்வார்களாம், இரண்டு முறை. மறுநாள் இருநூறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். நானூற்றுக்கு இருநூற்று அறுபது வேண்டும்.

ஒரு முறைதான் சொன்னாள். எனக்கு அப்படியே நினைவில் நிற்கிறது.

மே 9
தேர்வு மட்டும் போதாதாம். நடத்தை விசாரணையும் உண்டு. அதற்கு ஒரு படிவம். பதினெட்டு வயதிலிருந்து குடியிருந்த வீடெல்லாம் கேட்கிறார்கள். பதினொரு வீட்டையும் நான் சொன்னேன், கதவு எண்ணோடு, காலி செய்த மாதத்தோடு.

"அப்பா, நீ மனுஷனா, கோர்ட்டு அலமாரியா?"

சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனாள். போலீஸ் வழக்கு உண்டா? எழுதியதை வாசித்துக் காட்டினாள்: "1998 நவம்பர். எனக்கு வயது பதினேழு. ஈரச் சாலையில் நான் ஓட்டிய வண்டி வழுக்கியது."

"நீ ஓட்டலையே."

"போலீஸ் பேப்பர்ல நான்தான் ஓட்டினேன்."

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

மே 10
ஓட்டியது நான். ஹிக்கரி சாலை வளைவில். என் சிநேகிதன் டெல் பர்விஸ், வேலி ஓரமாக நடந்து வந்தான். வண்டி மோதி அவன் தோள் எலும்பு முறிந்தது. என்னிடம் லைசென்ஸ் இல்லை. அதற்கு முன்பே இரண்டு முறை பிடிபட்டவன், இன்னொரு முறை என்றால் ஜெயில். போலீஸ்காரர் வருவதற்குள் ட்வைலா என்னைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை?

மே 12
படிவத்தை மாற்றி எழுதப்போகிறாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மே 15
நாளை படிவத்தில் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும்.

"பழைய தப்பைக்கூட மன்னிச்சிருவாங்கப்பா. மறைச்சது தெரிஞ்சா விடமாட்டாங்க."

"அப்புறம் ஏன் மறைக்கிறே?"

"'உங்கப்பா ஏன் லைசென்ஸே வாங்கல'ன்னு என்கிட்ட கேப்பாங்க. அதையும் எழுதணும்."

அப்போதுதான் உறைத்தது. லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வு. கேட்டிருந்தால் கேள்விகளை வாசித்துக் காட்டியிருப்பார்கள். கேட்க எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தை இருபத்தாறு வருடமாக இவள் சுமந்திருக்கிறாள். இப்போது வக்கீல் வேலையையும் அதற்கே பலிகொடுக்கப் பார்க்கிறாள்.

"எழுது" என்றேன். "எங்கப்பனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுது. மழுப்பாம எழுது."

பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்க் காரைக் கழுவினாள். சுத்தமாக இருந்த கார்.

மே 16
எழுதிவிட்டாள்.

ஜூலை 30
தேர்வு முடிந்தது. "எப்படி?" என்றேன். "இருநூறுல நாப்பது சும்மா குத்தினேன்" என்றாள். சூப்பைக் குடித்துவிட்டுப் பதினான்கு மணி நேரம் தூங்கினாள்.

ஆகஸ்ட் 21
விசாரணைக் குழு டெல்லுக்குப் போன் செய்திருக்கிறது. நான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கவேண்டும். வாசலில் வந்து நின்றான்.

"இத்தனை வருஷமா அந்தப் பொண்ணைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்குவேன்டா. உன்கூட உக்காந்து காப்பி குடிச்சேன்."

"தப்புதான் டெல்."

"தப்பா? போடா."

உள்ளே வரவில்லை. குழுவிடம் என்ன சொன்னான் என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 5
மதிப்பெண் வந்தது. இருநூற்று எழுபத்தொன்று. ட்வைலா சந்தோஷப்படவில்லை. "இது பாதிதான்பா."

செப்டம்பர் 12, வெள்ளி
காலையில் குழுவின் கடிதம் வந்தது. அவள் அறுபது மைல் தள்ளி வேலையில் இருந்தாள். போனில் சொன்னேன்.

"பிரிச்சு யாரையாவது படிக்கச் சொல்லுப்பா. சாயங்காலம் வரைக்கும் என்னால தாங்காது."

லவோனின் காப்பிக் கடைக்குப் போனேன். ஒன்பது பேர் இருந்தார்கள். மூலையில் டெல். போனை மேஜையில் வைத்தேன், மறுமுனையில் அவள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. யாராவது இதைப் படிங்க."

"கண்ணாடியை மறந்துட்டேன்னு முப்பது வருஷமா சொல்லுவியே வெர்லின்! இன்னிக்கு அந்தச் சாக்குமில்லையா?" என்றாள் லவோன். ஒருவர் சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

டெல் எழுந்து வந்து உறையை வாங்கினான். முதலில் மனதுக்குள் படித்தான். மெதுவாகப் படித்தான், என்னைக் காக்கவைக்கவேண்டும் என்றே. பிறகு போன் பக்கம் குனிந்து கடை முழுக்கக் கேட்கிறமாதிரி வாசித்தான்: ட்வைலா மே ஸ்ட்ரௌட், வக்கீலாகச் சேர்த்துக்கொள்ளத் தகுதியுடையவர்.

டெல் காகிதத்தை என் பக்கம் திருப்பி, அவள் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தான். நான் பார்த்து முடிக்கும்வரை எடுக்கவில்லை.