ஒரு ஆளைக் காட்டு

ஜூலை 24, வியாழன்

காற்று. ஆடிக் காற்று. கொடியில் அவர் வேட்டி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. நானும்தான்.

இன்றைக்கு ஏழாம் நாள். மனசு விட்டுப் பேச ஆள் இல்லை, எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்து.

வருகிறவர்களுக்கெல்லாம் அதே கதை. காலையில் நல்லாத்தான் கிளம்பினார். அரியமங்கலம் பட்டறையில் லேத் ஒன்று ஓடவில்லை, பழைய முதலாளி கூப்பிட்டிருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே. ஹார்ட் என்றார்கள்.

ஹார்ட்டா? ஹார்ட்டைப் பற்றி யார் நினைத்தது?

மீனாவுக்கு மகள் பிறந்த வருஷம் அவருக்குக் கேன்சர் என்று சொன்னார்கள். அந்தப் பேத்தி இப்போது எட்டாவது படிக்கிறாள். அத்தனை வருஷமும் நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது வேறு பக்கமாக வந்துவிட்டது.

இதைச் சொல்லி அழக்கூட முடியாது. யாருக்கும் தெரியாது. பெற்ற பெண் மீனாவுக்கே தெரியாது.

ஜூலை 26, சனி

வாங்க வேண்டியது: உளுந்து, சாம்பிராணி, விளக்கு எண்ணெய், பெரிய டம்ளர் (வருகிறவர்களுக்குப் போதவில்லை).

வையம்பட்டியிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். பதினாறு முடியும்வரை இங்கேதான். அண்ணன் போட்டோ முன்னால் நின்று தேம்பினார். "என்ன மாப்ள, என்னை முந்திக்கிட்டீங்களே."

அண்ணனும் இவரும் சேர்ந்தால் வீடு தாங்காது. அண்ணன் வாய் அப்படி. இவர் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது பார்க்க வந்த அண்ணன், "குடலிறக்கமாமே மாப்ள, குடலை மட்டும்தான் தொட்டானா, மத்ததெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத்தான் தெரியும்.

குடலிறக்கம் இல்லை. ப்ராஸ்டேட். ஆம்பளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிறதாம், அதில் கேன்சர். விதை இரண்டையும் எடுத்தால் அடங்கும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். கரண்டும் வைத்தார்கள், ரேடியேஷன். வீட்டுக்கு வந்ததும் என் கையை அவர் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினார். "யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமா உங்கண்ணனுக்கு. காயடிச்ச மாடுன்னு ஊரெல்லாம் சொல்லிருவாரு."

இன்றுவரை மூச்சு விடவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அண்ணன் இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போனார். உள்ளே சத்தமே இல்லை. ரொம்ப நேரம் நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

ஜூலை 28, திங்கள்

கேட்டேவிட்டேன். "என்னண்ணே, அடிக்கடி போறீங்க, சுகரா?"

"ஆமா ஆமா, சுகருதான்." வேகமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை பத்தவில்லை என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அடுப்படியில் அண்ணி தேங்காய் துருவிக்கொண்டே அழுதாள். "சரசு, யாருகிட்டயும் சொல்லிராத. உங்கண்ணனுக்கு ப்ராஸ்டேட்ல கேன்சராம். வைகாசியிலேயே சதை எடுத்துப் பாத்துட்டாங்க. உடனே வாங்க, சரி பண்ணிரலாம்னு டாக்டரு சொல்றாரு. இந்த மனுஷன் போகமாட்டேங்குறாரு."

"ஏனாம்?"

"கேன்சர் வந்து நல்லா இருக்கிறவன் ஒரு ஆளைக் காட்டு, போறேங்குறாரு. நான் யாரைக் காட்டுவேன்? எங்க பெரியப்பா போனாரு. பால்காரரு போனாரு. எனக்குத் தெரிஞ்சு வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க."

சாதம் அடிப்பிடித்து வாடை வந்தது. நகரவில்லை.

ஆள் கூடத்தில்தான் இருக்கிறார். மாலை போட்டு.

ஜூலை 30, புதன்

மேகம் மட்டும். மழை இல்லை. வேட்டியை எடுத்து மடித்தேன்.

செத்தவர்களைத்தான் ஊருக்குத் தெரிகிறது. பிழைத்தவர்கள் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டு நடமாடுகிறார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் எத்தனை பேர். ரிடையரான ரயில்வேக்காரர் ஒருவர், ஜவுளிக்கடை பாய் ஒருவர். டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வருகிறபோதெல்லாம், "என்ன, இன்னும் இருக்கீங்களா?" என்று இவரிடம் கேட்பார்கள், இவரும் கேட்பார், சிரிப்பார்கள். வெளியே கடைத்தெருவில் பார்த்தால் யாரோ எவரோ.

முதல் வருஷம் மோசம். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அந்த ஆசை போயே போய்விட்டது, அதற்கு அழுதார். எனக்கும் அந்த வருஷம்தான் தீட்டு நின்றது. எனக்குக் குப்பென்று வேர்க்கும், அவருக்கும் குப்பென்று வேர்க்கும். ஒரு டேபிள் ஃபேன். "இந்தப் பக்கம் திருப்புடி." "எனக்கு மட்டும் குளிருதா?" சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகினோம்.

பேத்தியைச் சைக்கிளில் ஸ்கூலுக்கு விட்டார். ராமேஸ்வரம் போனோம். தினம் அம்மா மண்டபம்வரை நடை. வந்து, பசிக்குது என்பார். நல்லாத்தான் இருந்தோம்.

சத்தியம் பண்ணியிருக்கிறேன். தலைமேல் கை வைத்து. அந்தத் தலை இப்போது இல்லை. இருந்தாலும்.

மீனாவிடம் கேட்கலாமா? வேண்டாம்.

ஆகஸ்ட் 2, சனி

பதினாறு. கருமாதி முடிந்தது. விடியற்காலையில் கயிற்றை எடுத்துவிட்டார்கள். கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. ஒன்றும் இல்லை.

சாயங்காலம் பந்தல்காரர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் பையில் துணி எடுத்து வைத்தார், நாளைக்கு ஊருக்கு. இனி எப்போது? கூப்பிட்டு போட்டோ முன்னால் நிறுத்தினேன்.

"அண்ணே, ஒரு ஆளைக் காட்டச் சொன்னீங்களாமே."

அண்ணியை முறைத்தார்.

"இந்தா இருக்காரு."

"என்ன புள்ள உளறுற? மாப்ளைக்கு ஹார்ட்டு."

"போனது ஹார்ட்டுல. மீனா மக பொறந்தப்ப வந்தது, உங்களுக்கு வந்திருக்கிறதுதான்."

எல்லாம் சொன்னேன். எதை எடுத்தார்கள் என்பதையும். அண்ணனிடம் தங்கச்சி வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை. தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"குடலிறக்கம்னாரே?"

"உங்க வாய்க்குப் பயந்துதான்."

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். ஏதாவது கேலி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"எங்க கெடாவெட்டுக்கு வந்து என்னைவிட அதிகமா தின்னாரு. அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"எங்க கெணத்துல மேலேர்ந்து குதிச்சாரு. அப்பவுமா?"

"அப்பவும்தான்ணே."

எழுந்து போய் மாலையைச் சரி பண்ணினார். அது சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெரு முழுக்கக் காவேரிக்குப் போகிற பொம்பளைகள். எல்லார் கையிலும் புது மஞ்சள் கயிறு. வாசல் கதவைச் சாத்திவிட்டேன்.

அண்ணன் ஊருக்குப் போகவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"கரண்டு வச்சா வலிக்குமா?"

"வலிக்காது. கொஞ்ச நாளைக்கு மூத்திரம் எரியும். மோரா குடிப்பாரு."

"அந்த இன்னொண்ணு?"

"டாக்டரைக் கேளுங்க. இப்ப எடுக்காம ஊசியே போடுறாங்களாம்."

போனார். திரும்பி வந்தார்.

"மாடு மாதிரி ஆயிருவேனா புள்ள?"

"மாடு உக்காந்து ஃபேனுக்குச் சண்டை போடாது. நீங்க போடுவீங்க. டேபிள் ஃபேன் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க."

அண்ணன் சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு. அது போய் போட்டோவில் மோதியதுபோல இருந்தது. தப்புப் பண்ணிவிட்டேனா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் அப்படியேதான் இருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அண்ணன் கிளம்பினார், நானும் வருகிறேன் என்றேன். எதிர்வீட்டு அம்மா: "பதினாறு முடிஞ்ச ஈரம் காயல, அதுக்குள்ள கிளம்பிட்டியா?" செருப்பை மாட்டினேன்.

சத்திரத்தில் பஸ் மாற வேண்டும். பார்க்கக்கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். அதே டீக்கடை. பெஞ்சில் யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு பன் தின்கிறார். பெஞ்ச் அப்படியே இருக்கிறது. எப்படி அப்படியே இருக்கிறது? அண்ணன் என் முழங்கையைப் பிடித்து பஸ் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ரயில்வேக்காரர் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். "வாங்கம்மா! எங்க அவரு? இன்னும் இருக்காரா?"

எப்போதும் கேட்கிற கேள்விதான். என் நெற்றியைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"அதுலயா?" என்றார், மெதுவாக.

"இல்லைங்க. ஹார்ட்டு."

"அது இல்லையே?"

"அது இல்லை. அது அடங்கித்தான் இருந்துச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார், கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க. புதுசா?"

அண்ணன் உட்கார்ந்தார். "நீங்க வெளியில என்னன்னு சொல்லியிருக்கீங்க?"

"மூலம்னு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.