மணற்றுறைச் சரிவுப் பலகைகளின் முத்திரை குறித்து

நெட்டாற்றின் இரு கரைகளையும் ஒரே குடையின்கீழ் காக்கும் செங்கோப் பெருமானடிகளின் ஆட்சி நிலைபெறுக. அப்பெருமானின் நீர்த்துறை அமைச்சர் கூத்தன் பொறையன், மணற்றுறைத் தலைவர் ஏனாதி சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறை வற்றாதிருக்க. உம் படகுகள் ஏற்றிய உயிர்களைக் குறைவின்றிக் கரை சேர்க்க.

நடக்க இயலாதவரும் பிறர் தோளை எதிர்பாராமல் அரசப் படகில் ஏறும்படி, துறைதோறும் சரிவுப் பலகை இடவேண்டுமெனக் கட்டளை பிறந்ததை நீர் அறிவீர். ஏன் பிறந்தது என்பதையும் அறிவீர். இவ்வோலை விடுக்கும் அமைச்சரின் மனைவி நங்கை பூதி கால் விளங்காதவர். உம் துறையில்தான் ஓடக்காரன் ஒருவன் அவரைத் தோளில் தூக்கிச் சேற்றில் இறங்கிச் சறுக்கினான். அவன் எழுந்தான், அவர் எழவில்லை. பின்னால் குதித்த அமைச்சரின் கையில் ஒரு மேலாடை மட்டுமே வந்தது.

ஆகவே அண்மையில் குடையும் முரசுமாக அமைச்சர் வந்தபோது, நீர் காட்டிய பலகைகளை ஐயத்தோடுதான் பார்த்தார். தேக்கு நல்ல தேக்கு, சரிவும் சரியே. ஆனால் மழைக்காலம் முழுதும் கரையில் கிடந்ததாக நீர் சொன்ன மரத்தில் சேறில்லை, பாசியில்லை, சக்கரத்தடமும் இல்லை. குனிந்தால் சந்தனம் மணத்தது. ஓடக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரசப் பலகைகளை விற்றுத் தின்றுவிட்டு இன்றைக்கு இரவல் வாங்கி வந்திருக்கிறார்கள் என்று மனத்துள் முடிவுகட்டிப் போனார்.

மறுநாள் முக்காடிட்டுத் தனியே திரும்பினார். பலகைகள் இல்லை. அக்கரையில் மகளுக்குப் பேற்றுவலி கண்டதென்று கேட்டு வந்த, நடக்க இயலாத நெசவாட்டி வளவி, தன் உருளை வண்டியில் சேற்றோரம் காத்திருந்தாள். பலகை எங்கே என்று அமைச்சர் கேட்க, "அதற்கென்ன குறை ஐயா? கொட்டகைக்குப் போனால் கும்பிட்டு வரலாம்" என்றாள்.

கொட்டகையில் பலகைகள் மாலையும் விளக்குமாக நின்றன. அரசுக்குரிய மரம் எதற்கும் இடுவதுபோல் அவற்றிலும் அரண்மனைத் தச்சர் அரச முத்திரை பொறித்திருந்தார்கள். அதை மிதித்த கால் அழுகிப்போகும் என்று ஓடக்காரர் தலைவன் வேட்டுவன் கைகூப்பினான். பின்னாலிருந்து வளவி, "என் காலுக்கு இனி என்னப்பா ஆகப்போகிறது? எடுத்துப் போடு" என்றாள். அமைச்சர் முக்காட்டை நீக்கிச் சொல்லியும், துறைத்தலைவருக்கு முத்திரையிட்ட ஓலை வராமல் மிதிக்க இறக்கமாட்டோம் என்றான் வேட்டுவன்.

வலி கண்ட மகள் காத்திருக்க மாட்டாள். வளவி அன்றும் தோளில்தான் போனாள். அமைச்சர் இடுப்பளவு நீரில், அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, படகுவரை கூடவே நடந்தார்.

ஓடக்காரர்களின் அச்சத்தை அமைச்சர் நம்புகிறார். உம்முடையதை நம்பவில்லை. பலகையின் முத்திரைக்கு அஞ்சிய நீர், அதே முத்திரையோடு வந்த கட்டளைக்கு ஏன் அஞ்சவில்லை?

முத்திரையைச் செதுக்கி எடுக்க வேண்டா. அது உள்ளபடியே பலகைகள் துறையில் கிடக்க, பேரப்பிள்ளையை மடியில் வைத்துத் திரும்பும் வளவியின் வண்டி அவற்றின்மேல் முதலில் உருளுக. இவ்வோலையின் அரக்கு முத்திரையை உடைத்த பிறகே நீர் இதைப் படிக்கிறீர். உடைத்த கை நலமாயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பலகையை இறக்குக. இது பெருமானடிகள் ஆணை.