யாரும் எழுதாத பெருக்கல் குறி

அம்மா,

உன் தையல் மெஷினை ரத்னக்காவுக்குக் கொடுக்கிறேன். அதற்காக இழுப்பறையைக் காலி செய்தபோது உன் கணக்கு நோட்டு அகப்பட்டது. அட்டை முழுக்க மெஷின் எண்ணெய் வாடை. புரட்டினால், உன் குண்டெழுத்தில் x + 3y = 50, y = 2 என்றொரு கணக்கு. அதற்குக் கீழே x + 32 = 50, x = 18 என்று முடித்திருக்கிறாய். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.

அந்த டிக் நான் போட்டது. கணக்கோ தப்பு. மூவிரண்டு ஆறு, விடை நாற்பத்துநான்கு. நோட்டை மூடவும் முடியாமல், பார்க்கவும் கூசி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில், மார்டள்ளிப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள் நீ. பத்தாவது பாஸானால் லைன் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் சொன்னதும் தனித்தேர்வுக்கு ஃபாரம் வாங்கி வந்துவிட்டாய். சம்பளத்தைவிட உன் முதுகுதான் காரணம். பன்னிரண்டு வருஷம் குனிந்தே தைத்தவளுக்கு நிமிர்ந்து நடந்து செய்கிற வேலை வேண்டியிருந்தது. நான் அப்போது இரண்டாம் பி.யு.சி., நம் பக்கத்துப் பன்னிரண்டாவது. கணக்கில் நல்ல மார்க்கு, வாய் அதைவிடப் பெரிது. மண்டி மொஹல்லாவின் அந்த ஒற்றை அறையில் ஞாயிறு மத்தியானங்களில், பாத்திரம் கழுவிய ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்காருவாய்.

"y இருக்கிற எடத்துல ரெண்ட எழுதும்மா, அவ்வளவுதான்" என்றேன். x + y = 10 போன்ற கணக்குகளாக நாலைந்து போட்டுக் காட்டினேன். எல்லாம் உனக்கு வந்தது. 3y என்றால் நடுவில் ஒரு பெருக்கல் உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை என்று நான் சொல்லவேயில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பு.

உனக்குத் தெரிந்தது ஃபாக்டரிச் சீட்டு. வெட்டிய துணிக் கட்டின் எண் அச்சாகியிருக்கும், அதை ஒட்டித் துண்டின் எண்ணை நீ எழுத வேண்டும். மூன்றாம் கட்டின் இரண்டாம் துண்டு 32. தினமும் நூறு சீட்டு அப்படி எழுதிய கை, y-யை எடுத்துவிட்டு அங்கே இரண்டை எழுதியது. நான் சொன்னதைச் சொன்னபடியே செய்தாய்.

"ஒருக்கா பாத்துச் சொல்லு கண்ணு, 3y எனக்குச் சந்தேகமா இருக்குது" என்று நோட்டை நீட்டினாய். நான் கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு டிக்கைப் போட்டுத் தள்ளினேன். கேட்டதையே கேட்கிறாய் என்று சலித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

பரீட்சையில் கணக்கு மட்டும் போயிற்று. ரிசல்ட் வந்த சாயங்காலம் நீ கேள்வித்தாளை விரித்து, இன்னின்னது இப்படி எழுதினேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். 4y இருந்த இடத்தில் y ஐந்து என்பதால் 45 என்று போட்டாயாம். அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. துணைத்தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. பேப்பரே கஷ்டம்மா என்றேன்.

"இல்ல கண்ணு. நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்தே. என்ற மண்டையிலதான் ஏறல."

அதற்குப்பின் நீ ஃபாரம் வாங்கவில்லை. கடைசி வரை குனிந்தே தைத்தாய். நான் அந்தக் கணக்கை வைத்தே இன்ஜினியரிங் படித்து, இன்ஃப்ராஸ்ட்ரக்சர் கம்பெனியில் வேலையும் வாங்கினேன். உன் முதுகில் தைலம் தேய்த்துவிட்ட ராத்திரிகளிலும் சொல்லவில்லை. சொன்னால் நீ சிரித்திருப்பாய், அவ்வளவுதான். அதுகூட எனக்குத் தெரியும்.

இன்று மத்தியானம் ரத்னக்கா ஆட்டோவோடு வந்தார். பதினைந்து வருஷம் உன் பக்கத்து மெஷினில் தைத்தவர். டீயைக் குடித்துக்கொண்டு உன்னைப் பற்றித்தான் பேசினார்.

"எங்க லைன்லயே உங்கம்மாதான் சூட்டிகை. அத்தனை நல்லா நீ சொல்லிக் குடுத்தும் தனக்கே ஏறலன்னு சொல்லுச்சு. அதுக்கே ஏறலன்னா எனக்கெங்க ஏறப்போகுதுன்னு நானும் பரீட்சையை விட்டுட்டேன்."

எனக்குப் பக்கத்திலேயே அந்த நோட்டு கிடந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். நான் தலையை ஆட்டிவிட்டு, மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

அவரிடம் சொல்லத் துணிவில்லாமல், பதில் பேச முடியாத உன்னிடம் வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், பார். உனக்கு ஏறாமல் போகவில்லை அம்மா. நான் சொல்லித் தரவில்லை.